வாடகைக்காரங்க காலி பண்ணின பழைய வீட்டுல கரண்ட் வயரிங் செக் பண்றது எப்படி? – முழுமையான வழிகாட்டி

எங்க தாத்தா கட்டின ஓட்டு வீடு ஒன்னு கேரளாவுல பாலக்காடு ஜில்லா கொழிஞ்சாம்பாறை பக்கம் இருக்கு, நாலு போர்ஷன். நாங்க இருக்கறது பொள்ளாச்சியில. நான் ஐடிஐ எலக்ட்ரீசியன் முடிச்சுட்டு மில்லுல மெயின்டனன்ஸ் பாத்தவன், அதனால ஒவ்வொரு தடவை ஆளு காலி பண்ணும்போதும் "நீயே போய் பாத்துட்டு வந்துரு"ன்னு என்னைத்தான் அனுப்புவாங்க. அப்புறம் மச்சான் வீடு, பெரியப்பா பையன் வீடுன்னு கூடப் போய் நின்னும் பாத்துட்டேன்.

புதுசா செக் பண்றவங்க எல்லாரும் ஒரே தப்பைத்தான் பண்றாங்க. கதவைத் திறந்த உடனே மெயினைப் போடறது, லைட்டு எரியுது ஃபேன் சுத்துதுன்னு பாக்கறது, உடைஞ்ச சுவிட்சு ரெண்டை மாத்திட்டு பூட்டிட்டு வந்துடறது. உடைஞ்ச சுவிட்சு கண்ணுக்குத் தெரியும், அது சின்ன செலவு. வாடகைக்காரர் உடைச்சதை விட "நானே சரி பண்ணிக்கிட்டேங்க"ன்னு சொல்லிட்டுப் போன வேலைதான் ஆளை அடிக்கும், அது போர்டுக்குள்ளயும் மச்சுக்கு மேலயும் ஒளிஞ்சு கிடக்கும். கீழ சொல்ற வரிசை அதைத் தேடிப் பிடிக்கறதுக்குத்தான். வரிசையை மாத்தாதீங்க.

ஒரு விஷயம் இப்பவே. கண்ணால பாக்கறது, குறிச்சு வைக்கறது, போட்டோ எடுக்கறது இதெல்லாம் ஓனர் தாராளமா பண்ணலாம். போர்டு கழட்டறது, அளக்கறது, வயர் மாத்தறது வேலை தெரிஞ்சவங்க பண்ணணும். வீடு கேரளாவுல இருந்தா கேரள லைசென்சிங் போர்டு பெர்மிட் இருக்கற வயர்மேனைக் கூப்பிடுங்க, தமிழ்நாட்டுப் பெர்மிட்டை வச்சுக்கிட்டு "பாத்துக்கலாம் வாங்க"ன்னு வர்றவரை வச்சு வேலை முடிச்சா பின்னாடி கேஎஸ்ஈபி (கேரள மின்வாரியம்) பேப்பர் கேக்கும்போது மாட்டிக்குவீங்க.

1. போறதுக்கு முன்னாடி கையில என்ன இருக்கணும்

முதல்ல பழைய பில்லு. ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை வர்ற பில்லை ஒரு வருஷத்துக்காவது வரிசையா அடுக்கி யூனிட்டை மட்டும் பாருங்க. ஆளு அதே ஆளு, ஃபிரிட்ஜ் டிவி எல்லாம் அப்படியே இருக்கு, ஆனா யூனிட்டு திடீர்னு பாதியா குறைஞ்சிருக்குன்னா மீட்டர் பக்கம் ஏதோ நடந்திருக்கு. திடீர்னு ஏறியிருந்தா ஏசியோ இண்டக்‌ஷனோ ஏதோ பெரிய லோடு சேர்ந்திருக்கு, அது எந்த வயர்ல ஓடுச்சுன்னு தேடணும். எதைத் தேடப் போறோம்னு தெரிஞ்சுக்கிட்டுப் போனா பாதி வேலை மிச்சம்.

சாமான்: டிஜிட்டல் மல்டிமீட்டர், லைன் டெஸ்டர், ஹோல்டர்ல குண்டு பல்பு (எல்ஈடி இல்ல) மாட்டின டெஸ்ட் லேம்ப், தலையில மாட்டற டார்ச், ஸ்க்ரூ டிரைவர் செட்டு, இன்சுலேஷன் டேப், மார்க்கர், ஒரு நோட்டு. ஏணி மரத்துலயோ மூங்கில்லயோ இருக்கட்டும், அலுமினிய ஏணி வேண்டாம். கால்ல ரப்பர் செருப்பு. கூட இன்னொரு ஆளு கண்டிப்பா வேணும், சும்மா துணைக்கு இல்ல, ஏதாவது ஆச்சுன்னா மெயினை ஆஃப் பண்ணத் தெரிஞ்ச ஆளா இருக்கணும்.

போற நேரம் காலையில. மெயினை ஆஃப் பண்ணிட்டு ஓட்டு வீட்டுக்குள்ள சாயங்காலம் நாலு மணிக்கு மேல ஒன்னும் தெரியாது.

2. உள்ள போகாதீங்க, முதல்ல மீட்டரைப் பாருங்க

மீட்டர் சீல், கட்-அவுட் (மீட்டர்கிட்ட இருக்கற கேஎஸ்ஈபி ஃபியூஸ்) சீல் ரெண்டும் முழுசா இருக்கா? சர்வீஸ் வயர் போஸ்ட்ல இருந்து மீட்டருக்கு நேரா வருதா, இல்ல நடுவுல எங்கயாவது உரிச்சு டேப் சுத்தியிருக்கா? ஓட்டு வீட்டுல சர்வீஸ் வயர் கைக்கெட்டற உயரத்துல கூரையை ஒட்டியே வரும், அதனால கொக்கி போடறது சுலபம். கூரை ஓரத்துல சம்பந்தமில்லாம ஒரு வயர் உள்ள இறங்குதான்னு ஒரு சுத்து சுத்திப் பாருங்க.

சீல் உடைஞ்சிருந்தா கையை வைக்காதீங்க. போட்டோ எடுத்துட்டு நேரா கேஎஸ்ஈபி செக்‌ஷன் ஆபீஸ்ல எழுதிக் குடுங்க, போன்ல சொல்றதுன்னா 1912. கனெக்‌ஷன் உங்க பேர்ல இருக்கு, 2003 மின்சாரச் சட்டம் 135-வது பிரிவுல மீட்டர்ல கை வச்சது கரண்டு திருட்டுக் கணக்குல வருது, மூணு வருஷம் வரைக்கும் ஜெயிலுக்கு இடம் இருக்கற பிரிவு. கரண்டு திருட்டைப் பிடிக்கற ஸ்குவாட் வந்து கண்டுபிடிக்கறதுக்கு முன்னாடி நீங்களே எழுதிக் குடுத்திருந்தா பேசறதுக்கு ஒரு பேப்பராவது கையில இருக்கும். வீட்டு கனெக்‌ஷன்ல தையல் மிஷின் நாலு போட்டு ஓட்டினது, மாவு அரைச்சு வித்தது இதெல்லாம் 126-வது பிரிவு (அனுமதியில்லாத உபயோகம்), அதுவும் பில்லா வந்து நிக்கும்.

இங்க எல்லாரும் மறக்கறது ஒன்னு: நீங்க மெயின் சுவிட்சை ஆஃப் பண்ணினாலும் மீட்டர்ல இருந்து மெயின் சுவிட்சு வரைக்கும் வர்ற வயர்ல கரண்ட் எப்பவும் இருக்கும். அந்தப் பக்கம் டேப் பிரிஞ்சு கிடக்கறதைப் பாத்து "சுத்தி விட்டுடலாம்"னு கை வைக்கறது வேண்டவே வேண்டாம், அது கேஎஸ்ஈபி ஆளு வந்து சப்ளையை எடுத்துட்டு பண்ண வேண்டிய வேலை.

3. மெயினை ஆஃப் பண்ணுங்க, ஆஃப் ஆனதை நம்பாதீங்க

மெயின் ஆஃப், கீழ எம்சிபி (லோடு மிஞ்சினா தானா விழற சுவிட்சு) எல்லாம் ஆஃப். பீஸ் கட்டை இருக்கற பழைய போர்டா இருந்தா கட்டையை உருவி பாக்கெட்ல போட்டுக்கங்க. யாராவது வந்து "இருட்டா இருக்கே"ன்னு திரும்பச் சொருகிடக் கூடாது.

இப்ப வீட்டுக்குள்ள கரண்ட் இல்லைன்னு நினைப்பீங்க. எங்க நாலு போர்ஷன்ல ஒரு தடவை மெயினை ஆஃப் பண்ணிட்டு பின்கட்டுல ஹோல்டரைத் தொட்டேன், சுரீர்னு அடிச்சுது. பாத்தா பக்கத்து போர்ஷன்ல இருந்து சுவத்துல ஓட்டை போட்டு ஒரு வயர் வருது, ரெண்டு குடும்பமும் பேசி வச்சு பாத்ரூம் லைட்டுக்கு அங்கிருந்து எடுத்திருக்காங்க. இன்வெர்ட்டரை விட்டுட்டுப் போன வீட்டுலயும் இதே கதைதான், மெயின் ஆஃப் ஆன உடனே இன்வெர்ட்டர் தன் பாட்டுக்கு வீட்டுக்குள்ள 230 வோல்ட்டைத் தள்ளும். அதனால முதல்ல இன்வெர்ட்டர் அவுட்புட்டைக் கழட்டுங்க, பேட்டரி கனெக்‌ஷனையும் எடுத்துடுங்க.

அப்புறம் ஒவ்வொரு பாயின்டுலயும் கை வைக்கறதுக்கு முன்னாடி டெஸ்ட். அதுலயும் முறை இருக்கு. கரண்ட் கண்டிப்பா இருக்கற ஒரு இடத்துல டெஸ்டரை வச்சு அது வேலை செய்யுதான்னு பாக்கணும், அப்புறம் நீங்க தொடப் போற இடத்துல வைக்கணும், திரும்பக் கரண்ட் இருக்கற இடத்துல வச்சுப் பாக்கணும். செத்துப்போன டெஸ்டர் எல்லா இடத்துலயும் "கரண்ட் இல்ல"ன்னுதான் சொல்லும்.

மல்டிமீட்டர் சில சமயம் ஆஃப் பண்ணின வயர்லயும் 40, 60 வோல்ட்னு காட்டும். பக்கத்துல ஓடற இன்னொரு லைவ் வயரோட தூண்டுதலா இருக்கலாம், நிஜமான சப்ளையாவும் இருக்கலாம். டெஸ்ட் லேம்பை மாட்டின உடனே அந்த வோல்ட் காணாம போச்சுன்னா பொய், பல்பு லேசா மினுங்கினாக்கூட நிஜம், எங்கிருந்தோ வருதுன்னு அர்த்தம். அது பொய்யோ நிஜமோ, உள்ள எங்கயோ இன்னொரு லைவ் வயர் இருக்கலாம்னு எடுத்துக்கிட்டுத் தேடுங்க.

4. ரூம் ரூமா கண்ணால, மூக்கால

வாசல்ல இருந்து வலது கைப் பக்கமா சுவத்தை ஒட்டியே சுத்தி வாங்க, அப்பத்தான் எதுவும் விடுபடாது. ஒவ்வொரு போர்டுக்கும் நம்பர் எழுதுங்க, போட்டோ எடுங்க, நோட்டுல ஒரு வரி.

பாக்க வேண்டியது: சுவிட்சு பிளேட்டு மஞ்சளாவோ கருப்பாவோ மாறியிருக்கா, சாக்கெட் ஓட்டை உருகியிருக்கா, கருகின வாடை வருதா. ஆணி. இதைத்தான் அதிகம் விடறாங்க. டிவி ஸ்டாண்டு, சாமி படம், கொடிக்கயிறுன்னு போர்டுக்கு நேர் மேலயும் நேர் பக்கத்துலயும் ஆணி அடிச்சிருந்தா அது பைப்புக்குள்ள போற வயரைக் குத்தியிருக்கலாம், அந்த லைனைச் சந்தேக லிஸ்ட்டுல போடுங்க.

பழைய ஓட்டு வீட்டுல இன்னும் மரச் சட்டத்துல கிளிப் அடிச்ச பேட்டன் வயரிங் இருக்கும். கரையான் சட்டத்தைத் தின்னுட்டு மேல பெயின்டை மட்டும் விட்டு வச்சிருக்கும், விரலால தட்டினா உள்ள பொடி. ஓடு ஒழுகற இடத்துக்கு நேர் கீழ சீலிங் ரோஸ் (ஃபேன், லைட்டுக்கு வயர் இறங்கற வட்ட மூடி) இருந்தா கழட்டிப் பாருங்க, இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) ரெண்டு போனா உள்ள பச்சை பூத்துக் கிடக்கும். மச்சுல எலி கடிச்ச வயர், அப்புறம் வாடகைக்காரர் தனியா இழுத்த வயர். ஸ்பீக்கருக்குப் போடற மெல்லிசான ரெட்டை வயர்ல ஃபேன் ஓடினதை நானே பாத்திருக்கேன்.

பாத்ரூம், சமையலறை, மோட்டார் இந்த மூணுக்கும் தனியா நேரம் ஒதுக்குங்க. தண்ணியும் வெறுங்காலும் ஒன்னா இருக்கற இடம்.

5. போர்டைக் கழட்டுங்க – இங்கதான் விஷயமே இருக்கு

ஒன்னு விடாம எல்லா போர்டையும் கழட்டணும். "இது நல்லா இருக்கு, அதை மட்டும் பாக்கலாம்"னு நினைச்சீங்கன்னா சரியா அந்த நல்லா இருக்கற போர்டுலதான் கோளாறு இருக்கும், ஏன்னா புதுசா பளபளன்னு இருக்கற போர்டுன்னா யாரோ கை வச்சிருக்காங்கன்னு அர்த்தம்.

உள்ள தேட வேண்டியது நாலு. (ஃபேஸ்ல கரண்ட் வரும், நியூட்ரல்ல திரும்பிப் போகும், எர்த்து கசியற கரண்டை மண்ணுக்குள்ள இறக்கற பாதுகாப்பு வயர்.) நியூட்ரலையும் எர்த்தையும் முடிச்சுப் போட்டிருக்கறது. மூணு பின் சாக்கெட்டைப் பிரிச்சா எர்த்து பின்னுல இருந்து நியூட்ரலுக்கு ஒரு குட்டி வயர் இருக்கும். எர்த்து வயர் வரலை, ஃபிரிட்ஜ் லேசா ஷாக் அடிக்குது, யாரோ வந்து இப்படி "சரி பண்ணி" குடுத்திருப்பாங்க, ஷாக்கும் நின்னிருக்கும். எப்ப வரைக்கும்னா நியூட்ரல் நல்லா இருக்கற வரைக்கும். என்னைக்காவது மெயின்லயோ மீட்டர்லயோ நியூட்ரல் விட்டுச்சுன்னா, எரிஞ்சுக்கிட்டிருக்கற பல்பு, ஃபேன் வழியா ஃபேஸ் வந்து அந்த நியூட்ரல்ல நிக்கும், அங்கிருந்து இந்தக் குட்டி வயர் வழியா ஃபிரிட்ஜ் பாடிக்கு வந்துடும். கதவைத் திறக்கப் போற ஆளுக்கு 230 வோல்ட். மச்சான் வீட்டுல இது மூணு சாக்கெட்ல இருந்துச்சு, மூணுமே வாடகைக்காரர் காசு குடுத்துப் பண்ணின வேலை. கண்ட உடனே வெட்டி எடுங்க.

சுவிட்சு நியூட்ரல்ல இருக்கறது. பழைய வீட்டுல சிவப்பு ஃபேஸ், கருப்பு நியூட்ரல், பச்சை எர்த்து. அவசரத்துல கையில கிடைச்ச கலரைப் போட்டவங்க நியூட்ரலைக் கொண்டுபோய் சுவிட்சுல குடுத்திருப்பாங்க. சுவிட்சை ஆஃப் பண்ணினா லைட்டு அணையும், ஆனா ஹோல்டர்ல ஃபேஸ் நின்னுக்கிட்டே இருக்கும். பல்பு மாத்தப் போற ஆளுக்கு அடி. கலரை நம்பாம ஒவ்வொரு சுவிட்சுக்கும் எது வருதுன்னு மல்டிமீட்டர்ல கன்டினியூட்டி (ரெண்டு முனையும் ஒரே வயர்தானான்னு) பாத்து உறுதி பண்ணுங்க.

மெல்லிசு வயர்ல பெரிய லோடு. பழைய லைட் பாயின்டு எல்லாம் ஒன்னு பதினெட்டு வயரு, அதாவது சுமார் 1.2 ஸ்கொயர் எம்எம். அதுல போய் 16 ஆம்ப்ஸ் சாக்கெட்டை மாட்டி கீசர் ஓட்டியிருப்பாங்க. 2000 வாட்ஸ் கீசர் கிட்டத்தட்ட 9 ஆம்ப்ஸ் இழுக்கும், அரை மணி நேரம் தொடர்ந்து. வயர் அன்னைக்கே எரியாது, சூடாகிச் சூடாகி மேல் உறை காஞ்சு போயிடும். வயரை லேசா மடக்கிப் பாருங்க, உறை பிஸ்கட் மாதிரி உடைஞ்சா அந்த வயரோட கதை முடிஞ்சுது, டேப் சுத்திக் காப்பாத்த முடியாது.

அலுமினியத்தோட செம்பை முறுக்கி விட்டது. ரொம்பப் பழைய வயரிங்ல அலுமினியம் இருக்கும். புதுச் செம்பு வயரை அதோட முறுக்கி டேப் போட்டா ஈரத்துல அரிச்சு, மூட்டு லூசாகி, சூடேறும். கருகின ஜாயின்ட்ல பெரும்பாலானது நான் பாத்த வரைக்கும் இதுதான்.

6. மெயின் போர்டுல யாரு கை வச்சாங்கன்னு பாருங்க

பீஸ் கட்டையில ஃபியூஸ் வயருக்குப் பதிலா செம்பு வயரை ரெண்டு மூணா முறுக்கிப் போட்டிருப்பாங்க. அடிக்கடி பீஸ் போகுதுன்னு பண்றது. எம்சிபி வந்த வீட்டுலயும் அதே புத்திதான், 10 ஆம்ப்ஸ் அடிக்கடி டிரிப் ஆகுதுன்னு 32-ஐ வாங்கி மாட்டியிருப்பாங்க. எம்சிபி காப்பாத்தறது வயரை, அதனால அளவு வயரைப் பாத்துத்தான் போடணும். 1.5 ஸ்கொயர் எம்எம்முக்கு 6 இல்ல 10 ஆம்ப்ஸ், 2.5-க்கு 16, 4-க்கு 20 ஆம்ப்ஸ். வயரை மாத்தாம எம்சிபியை ஏத்தினா சுவத்துக்குள்ள இருக்கற வயரே ஃபியூஸ் ஆயிடும்.

ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா உடனே விழற பாதுகாப்பு சுவிட்சு) இருந்தா அதோட உள்ள வர்ற வயரையும் வெளிய போற வயரையும் பாருங்க, டிரிப் ஆகுதுன்னு பைபாஸ் பண்ணி விட்டிருப்பாங்க. டிரிப் ஆனதுக்குக் காரணமே மேல சொன்ன நியூட்ரல்-எர்த்து முடிச்சா இருக்கும், இல்லைன்னா இன்வெர்ட்டர் லைனோட நியூட்ரல் கலந்திருக்கும். நோயைச் சொன்ன டாக்டரை வெளிய அனுப்பின கதை.

7. எர்த்து

எர்த்து குழியைத் தேடுங்க. பல வீட்டுல குழி மேல துணி துவைக்கற கல்லைப் போட்டிருப்பாங்க. பைப்ல இருந்து வர்ற வயரு இருக்கா? செம்பு வயரா இருந்திருந்தா வெட்டி ஆக்கர் கடையில (பழைய இரும்புக் கடை) போட்டுட்டுப் போயிருக்கவும் வாய்ப்பு உண்டு, எங்களுக்கு ரெண்டு தடவை நடந்துச்சு. இப்ப ஜிஐ பட்டைதான் (துத்தநாகம் பூசின இரும்பு) போட்டிருக்கோம்.

புதுசா பாக்கறவங்க சறுக்கற இடம் இது. பின்னாடி கரண்ட் குடுத்த அப்புறம் மல்டிமீட்டரை ஃபேஸ்லயும் எர்த்துலயும் வச்சு 230 காட்டினா "எர்த்து சூப்பர்"னு சொல்லிடுவாங்க. மல்டிமீட்டர் இழுக்கற கரண்ட் ஒன்னுமே இல்ல, காஞ்ச மண்ணுல முக்கால்வாசி துருப்பிடிச்சுப் போன பைப்பா இருந்தாலும் அது 230-ன்னுதான் காட்டும். எர்த்து டெஸ்டர் வச்சு ஓம்ஸ் அளக்கணும், வீட்டுக்கு 5 ஓம்ஸுக்குள்ள கொண்டு வரப் பாருங்க. 100 வாட்ஸ் பல்பை ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவுல போட்டுப் பாக்கற பழைய முறை ஒன்னு இருக்கு, எர்த்து மோசமா இருந்தா அந்த நேரத்துல வீட்டுல எர்த்தோட சேர்ந்த எல்லா இரும்புலயும் கரண்ட் நிக்கும், அதனால அதை வயர்மேன் பாத்துக்கட்டும்.

8. மெக்கர் டெஸ்ட்

இதுக்கு வயர்மேன் வேணும். 500 வோல்ட் மெக்கர், வயரோட உறை எவ்வளவு நல்லா இருக்குன்னு அளக்கற கருவி. மெயின் ஆஃப்லயே இருக்கணும், எல்லா பல்பும் கழட்டியிருக்கணும், பிளக்கு எல்லாம் உருவியிருக்கணும், எலக்ட்ரானிக் ரெகுலேட்டரையும் ஆர்சிசிபியையும் தனியா பிரிச்சுடணும், இல்லைன்னா அதுங்க செத்துடும். ஒவ்வொரு சர்க்யூட்டா ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவுல ஒரு தடவை, ரெண்டையும் சேர்த்து எர்த்துக்கு ஒரு தடவை.

1 மெகா ஓமுக்குக் கீழ காட்டினா அந்த சர்க்யூட்டுக்குக் கரண்ட் குடுக்கக் கூடாது. ஆணி குத்தின வயர், ஈரம் ஏறின ஜாயின்ட் எல்லாம் இங்கதான் மாட்டும், கண்ணால பாத்ததுல இது எதுவும் தெரிஞ்சிருக்காது. முடிஞ்சா துலாவர்ஷம் (ஐப்பசி, கார்த்திகை மழை) முடிஞ்ச கையோட அளந்து பாருங்க, பங்குனி வெயில்ல காஞ்சு கிடக்கற வீடு நல்ல அளவுதான் காட்டும், ஆடியில புது வாடகைக்காரர் போன் பண்ணுவாரு.

9. இப்ப கரண்ட் குடுங்க, ஒன்னொன்னா

எல்லா எம்சிபியும் ஆஃப், மெயின் மட்டும் ஆன். மூணு அளவு எடுங்க: ஃபேஸ்-நியூட்ரல் 230 பக்கம், ஃபேஸ்-எர்த்தும் அதே பக்கம், நியூட்ரல்-எர்த்து ரெண்டு மூணு வோல்ட்டுக்குள்ள. கடைசி அளவு ஏறியிருந்தா நியூட்ரல்லயோ எர்த்துலயோ கோளாறு இருக்கலாம், நிறுத்திட்டுத் தேடுங்க.

ஆர்சிசிபி ஆன். டெஸ்ட் பட்டனை அமுக்குங்க, பட்டுனு விழணும். விழலைன்னா மாத்துங்க. விழுந்தா எர்த்தும் சரின்னு நினைச்சுடாதீங்க, அந்த பட்டன் எர்த்தே இல்லாத வீட்டுலயும் வேலை செய்யும்.

அப்புறம் ஒரு எம்சிபி. அந்த லைன்ல இருக்கற எல்லா பாயின்டையும் பாத்து முடிச்ச பின்னாடி அடுத்தது. எல்லாத்தையும் ஒரே மூச்சுல தூக்கி விட்டா எது டிரிப் ஆச்சு எதனால ஆச்சுன்னு தெரியாது. சாக்கெட்ல பல்பு எரியுது ஆனா மங்கலா துடிக்குதுன்னா ஜாயின்ட் லூசு. ஒரு லைட்டு சுவிட்சு ஆன்ல இருக்கும்போது டெஸ்டர் சாக்கெட்டோட ரெண்டு ஓட்டையிலயும் எரிஞ்சுதுன்னா நியூட்ரல் கட்.

கடைசியா லோடு. 1000 வாட்ஸ் அயர்ன் பாக்ஸை ஒவ்வொரு 16 ஆம்ப்ஸ் சாக்கெட்லயும் அரை மணி நேரம் போட்டு விடுங்க, நடுவுல அணைஞ்சு அணைஞ்சு எரியும், பரவாயில்ல. அப்புறம் மெயினை ஆஃப் பண்ணி, டெஸ்ட் பண்ணிட்டு சாக்கெட் முகத்தையும் மெயின் போர்டுல மெயினுக்கு அப்புறம் வர்ற முனைகளையும் தொட்டுப் பாருங்க, மீட்டர்ல இருந்து மெயினுக்கு வர்ற பக்கம் கரண்ட் இருக்கும், அதைத் தொடாதீங்க. சுட்டா அங்க ஸ்க்ரூ லூசு, இல்ல வயர் பத்தலை. சும்மா பல்பு போட்டுப் பாத்ததுல இது ஒரு நாளும் தெரியாது.

10. எதை முதல்ல மாத்தறது

காசு ஒரேயடியா இருந்தா பேட்டன் வயரிங்கை முழுசா எடுத்துட்டு பைப் வயரிங் போட்டுடுங்க. இல்லைன்னா என் வரிசை இது: எர்த்து குழி, 30 மில்லி ஆம்ப்ஸ் ஆர்சிசிபி, பாத்ரூமும் சமையலறையும், மோட்டார் லைன், மத்தது அப்புறம். எம்சிபி மட்டும் போதும்னு கடையில சொல்வாங்க, 10 ஆம்ப்ஸ் எம்சிபி ஆளு மேல பாயற கரண்டைக் கண்டுக்காது, ஆளைக் கொல்றதுக்கு அதுல ரொம்பச் சின்னப் பங்கு போதும்.

அட்வான்ஸ்ல பிடிக்கறது பத்தி. உடைஞ்ச சாக்கெட்டு, அறுத்த எர்த்து வயரு, காணாம போன ஃபேன் இதுக்குப் பிடிக்கலாம். முப்பது வருஷ வயரு காஞ்சு போனதை வாடகைக்காரர் தலையில கட்டாதீங்க, அது நம்ம வீடு, நம்ம செலவு. பீஸ் அடிக்கடி போச்சுன்னு அவங்க போன் பண்ணினப்ப நாம "பாத்துக்கங்க"ன்னு சொல்லியிருப்போம், அதுக்கு அப்புறம்தான் அவங்க செம்பு வயரைச் சுத்தியிருப்பாங்க.

அடுத்த ஆளுக்குச் சாவி குடுக்கும்போது மீட்டர் ரீடிங், ஒவ்வொரு போர்டு போட்டோ, எந்த சாக்கெட்ல என்ன போடலாம்னு ஒரு பேப்பர், ரெண்டு பேரும் கையெழுத்து. எம்சிபிக்குக் கீழ எது எதுக்குன்னு ஸ்டிக்கர் ஒட்டுங்க. எங்க வீட்டுல இப்ப தமிழ், மலையாளம், ஹிந்தி மூணுலயும் ஒட்டியிருக்கேன், போன தடவை மோட்டார்னு நினைச்சு ஃபிரிட்ஜ் லைனை ஆஃப் பண்ணிட்டு ஊருக்குப் போயிட்டாங்க, திரும்பி வந்து கதவைத் திறந்தப்ப தெரு முழுக்க நாறிச்சு.